பள்ளிக்கூடத்துத் தொட்டியும் என் வீட்டு அடிபம்பும்

ஐப்பசி 4, செவ்வாய்
காலையில் வெயில், பிறகு புழுக்கம். நெல் காயப்போட்டேன், பாதிதான் காய்ந்தது.

எதிரே பள்ளிக்கூடத்தில் மழைத்தண்ணீர் சேர்க்கத் தொட்டி புதைக்கப் போகிறார்களாம். உபயம் என் கொழுந்தன் பெண்டாட்டி சகுந்தலா. முழுப் பேரும் எழுதக் கை வரவில்லை, இனி ச. என் மகள் வளைகாப்பில் புளிச்சோற்றில் உப்பில்லை என்று பந்தியில் சொன்னவள். இருபத்தாறு வருஷம் ஆச்சு. உப்பு இருந்தது.

பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீர் கரிக்கும். பதினேழு வருஷமாகப் பிள்ளைகள் மத்தியானம் பாட்டிலோடு என் அடிபம்புக்குத்தான் வருகிறார்கள். இன்றைக்கு இருபத்திரண்டு பேர். இரண்டாம் வகுப்பு யாழினிக்கு முன்பல் விழுந்துவிட்டது, காட்டினாள். தொட்டி வந்தால் எவள் வந்து பல்லைக் காட்டுவாள்?

ஐப்பசி 5, புதன்
மூட்டம். தேங்காய் எண்ணெய் தீர்ந்தது.

குழி வெட்டுவதைப் பார்க்கப் போனேன்.

"என்னம்மா, மேஸ்திரி வேலைக்கு வந்துட்டீங்களா?" என்றார் கொத்தனார்.

"நீங்க ஒழுங்கா வெட்டுறீங்களான்னு பாக்க வந்தேன்."

ச. குடை பிடித்து நின்றாள். "அக்கா, நூத்தம்பது கொடம் புடிக்கும்."

"ஊத்திப் பாத்தியா?"

ஈசானிய மூலை என்று அவள்தான் இடம் காட்டினாளாம். அது பழைய குட்டை. தூர்த்தபோது எந்த வண்டி மண் கொட்டியது என்பதுகூட எனக்குத் தெரியும். இடுப்பளவு வெட்டியதுமே ஊற்று. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐப்பசி 6, வியாழன்
கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. இறக்கி மண் மூடியாச்சு. சுவரில் பெரிய எழுத்தில் ச. பேர். மாடியிலிருந்து வரும் குழாயைத் திங்கள்கிழமை முகூர்த்தத்தில்தான் சேர்ப்பார்களாம். பெரிய டீச்சர் அவளுக்கு நாற்காலி போட்டார். எனக்கு ஒரு ஸ்டூல்கூடப் போட்டதில்லை.

இரண்டு நாள் கனமழை என்று டிவியில். சேற்று மண்ணில் காலித் தொட்டி நிற்காது. முத்துப்பேட்டையில் மகள் வீட்டில் இப்படித்தான் மழையில் பாதித் தொட்டி வெளியே வந்து நின்றது, கண்ணால் பார்த்தேன்.

மிதக்கட்டும்.

இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஐப்பசி 7, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் சற்று விட்டது. பிள்ளைகள் வந்தார்கள்.

யாழினி: "அப்பாயி, தொட்டி மேல ஏறி நின்னா படகு மாரி ஆடுது. மண்ணெல்லாம் பொளந்துருக்கு."

"யாரு ஏறுனா?"

"எல்லாரும்."

குழி சரிந்தால் பிள்ளை உள்ளே. செருப்புகூடப் போடாமல் போனேன்.

"டீச்சர், பிள்ளைங்கள அங்கிட்டு விடாதீங்க. தொட்டிய ரொப்புங்க. கனம் இருந்தாத்தான் நிக்கும்."

"போர் தண்ணி விடலாமாம்மா?"

"உப்ப விட்டா அப்பறம் தொட்டி எதுக்கு?"

வேறு தண்ணீர் ஏது, என் பம்பு தவிர. தெரு ஆட்கள் குடத்தோடு வந்தார்கள். நான் அடித்தேன். ச. நனைந்துகொண்டே வந்தாள்.

"ஒனக்கு முன்னயே தெரியுமாக்கா?"

"புதங்கெழமயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு, "தள்ளுக்கா, நான் அடிக்கிறேன். நீ எம்புட்டு நேரம்தான் அடிப்ப?"

தள்ளவில்லை. நூற்றுப்பத்துக் குடம். தொட்டி அசையாமல் நின்றது.

ஐப்பசி 8, சனி
மழை. லீவு. தோள்பட்டைக்குத் தைலம்.

ஐப்பசி 10, திங்கள்
வெயில். குழாய் சேர்த்தாச்சு. ச. பட்டுப்புடவை. முதல் டம்ளர் அவள் கையால். எல்லாரும் கை தட்டினார்கள்.

மத்தியானம் பம்படியில் ஒருத்தரும் இல்லை. படலைத் திறந்தே வைத்திருந்தேன்.

சனிக்கிழமையோடு மழை நின்றுவிட்டது. குழாய் வழியாக இன்னும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் பேர் போட்ட தொட்டியிலிருந்து இன்றைக்குப் பிள்ளைகள் குடித்தது என் தண்ணீர்.