இடது பெருவிரல் பட்ட இடம்

03.02.2025, திங்கள்

கிணற்று மோட்டர் திருத்த வந்தவன் கையிலிருந்த கிரீஸை முற்றத்துத் தூணில் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். நானே கழுவினேன்.

றெபேக்காவின் மடிக்கணினி பழுதாகிவிட்டதாம். மதர்போட் எரிந்துவிட்டது, இனித் திருத்த முடியாது என்று கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மென்பொருள் எழுதுகிறவள் அது இல்லாமல் என்ன செய்வாள்? சொந்தக் கணினி இருந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், இல்லையென்றால் மார்ச்சில் கொழும்புக் கந்தோருக்கு வரவேண்டும், அங்கே தருவோம் என்று கொம்பனியில் சொல்கிறார்களாம்.

"கூட வேலை செய்யிற பிள்ளையள் வெள்ளவத்தையிலை அறை எடுத்திருக்கினம், பெரியம்மா."

"அறை ஏன்? லப்டொப் வாங்கினால் சரிதானே. நான் வாங்கித் தாறன்."

கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். நன்றியில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தங்கை நேசம்மாவின் மகள், அவள் கண்மூடியபின் நானும் என் கணவர் டானியலும் வளர்த்த பிள்ளை. டானியலும் போய்விட்டார். இவளும் கொழும்புக்குப் போனால் இந்தக் கோப்பாய் வீட்டில் -

இன்றைக்கு இவ்வளவும் போதும்.

05.02.2025

எப்படிப்பட்டது வேண்டும் என்று கேட்டேன். பதினாறு ஜிபி ரம், எஸ்எஸ்டி, நல்ல புரோசசர் என்றாள். ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்கம் கேட்டேன்.

"எழுதிறது, ஓடவிட்டுப் பாக்கிறது, பிழை தேடுறது, எல்லாம் ஒரே நேரத்திலை நடக்கும், பெரியம்மா. ரம் காணாட்டில் அதுக்கு மூச்சு வாங்கும்."

"விசைப்பலகை?"

"அது எதெண்டாலும் பரவாயில்லை."

பரவாயில்லையா! நாள் முழுக்க விரல் படுவது அதில்தானே. கொன்வென்டில் மதர் பெர்னடெற் எங்கள் கைகளுக்கு மேல் துணியை விரித்துத்தான் தட்டச்சுப் பழக்கினார். கண் பார்க்கக் கூடாது, விரலுக்குத் தெரியவேண்டும். அதே பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படிப்பித்தேன்.

08.02.2025, சனி

யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். றெபேக்கா தலையிடி என்று வரவில்லை.

புதியவற்றின் விசைகளில் உயிரே இல்லை, தட்டினால் ஓட்டில் தட்டுவது போல இருக்கிறது. பாவித்தவை பின்பக்கம் இருந்தன. எல்லாம் சிங்கப்பூர்ச் சாமான் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். சேலைத் தலைப்பைக் கைகளுக்கு மேல் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கடைக்காரர் கிருஷாந்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மா, நீங்களோ கோட் எழுதப் போறியள்?"

"எழுதினால் பிழையில்லாமல் எழுதுவன்," என்றேன்.

கறுப்பு நிறத்தில் ஒன்று. தொட்டவுடன் விரல் நின்றது. றெபேக்கா கேட்டது அத்தனையும் அதற்குள் இருக்கிறது என்றார், ஒன்றுகூடக் குறையவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்தபிறகுதான் கண்டேன். சொல்லுக்குச் சொல் இடம் விடும் நீளக் கட்டை இடப்பக்கத்தில் மட்டும் தேய்ந்து மினுங்குகிறது. இதை முன்பு பாவித்தவர் இடது பெருவிரலால் தட்டியிருக்கிறார்.

வலது பெருவிரல்தான் முறை. என் மாணவிகளில் ஒருத்திகூட அப்படித் தட்டியதில்லை, நான் விட்டதில்லை. அப்படித் தட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். எவ்வளவு சொல்லியும் என் கணவர் திருந்தவில்லை.

றெபேக்கா அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "எங்கை வாங்கினனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். கையில் எடுக்கவில்லை.

09.02.2025

ஆராதனை முடிந்து வந்து விசைகளின் இடுக்குகளைக் குண்டூசியாலும் பஞ்சாலும் துப்புரவாக்கினேன். உள்ளேயிருந்து எள்ளு வந்தது. ஒன்றல்ல, பல. வெல்லப் பிசுக்கோடு.

சிங்கப்பூர்ச் சாமானுக்குள் எள்ளுப்பாகு எப்படி வரும்? டானியலின் தட்டச்சு இயந்திரத்தில் நான் வாராவாரம் குத்தி எடுத்ததும் இதுதான். ஊராருக்குக் கடிதம் அடித்துக்கொடுத்தபடியே ஒரு கையால் தின்றுகொண்டிருப்பார்.

எள்ளைக் கடதாசியில் மடித்து வைத்திருக்கிறேன். ஏன் எறியவில்லை?

11.02.2025

மேல் அறைக் கட்டிலில் குந்தியிருந்து வேலை செய்கிற பழக்கம் இனி வேண்டாம், நிமிர்ந்து இரு என்று றெபேக்காவுக்கு டானியலின் முன்னறை மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் போனபின் அதில் ஒருவரும் இருந்ததில்லை.

பின்னேரம் குசினியில் அடுப்படியில் நின்றேன். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. சத்தம் தொடங்கியது. விரைவாக மூன்று நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு கனமாக ஒரு இடி. அந்த மேசை மரத்தில் அந்த இடி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா?

"டானியல், தேத்தண்ணி ஆறுது," என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன்.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. றெபேக்கா நின்றாள். அழுதிருக்கிறாள்.

"ஆரைக் கூப்பிட்டனீங்கள், பெரியம்மா?"

"ஒருதரையும் இல்லை. தேத்தண்ணியைக் குடி."

14.02.2025

பின்னேரத்தில் முன்னறைப் பக்கம் போவதில்லை. மதர் பெர்னடெற் இருந்தால் மூடத்தனம் என்பார். மூடத்தனம்தான். ஆனால் அவர்தானே விரலை நம்பு, கண்ணை நம்பாதே என்றவர்? என் விரல் அந்தக் கட்டையில் பட்டவுடன் அடையாளம் கண்டது. அது பொய்யா?

றெபேக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. மேசையில் இருக்கும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறாள்.

அவளுக்கும் கேட்கிறதா?

17.02.2025

பொறுக்க முடியாமல் கடைக்குப் போனேன். இது யாருடையது என்று கேட்டேன்.

"ஏன் அம்மா, பழுதோ?"

"பழுதில்லை. சிங்கப்பூரிலை ஆர் பாவிச்சது எண்டு தெரியுமோ?"

"ஐயோ, உது சிங்கப்பூர் இல்லை. உங்கடை கோப்பாய்ப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு போன மாசம் வித்தது. மூடி முழுக்க ஸ்டிக்கர், உரிச்சு எடுக்க எனக்குப் போதும் போதுமெண்டாச்சு. மிசினிலை ஒரு பிழையுமில்லை. கொழும்புக்குப் போறாவாம், அங்கை கொம்பனி தருமாம்."

ஸ்டிக்கர். றெபேக்காவின் கணினி மூடி குப்பைக்கூடை மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் பேசியிருக்கிறேன். அந்த வெறுப்பில் அதைக் கிட்டப்போய்ப் பார்த்ததுகூட இல்லை. எள்ளுப்பாகு நான் சனிக்கிழமைகளில் செய்வது. மேலே தட்டில் கொண்டுபோவாள்.

எரியவில்லை. விற்றிருக்கிறாள்.

பஸ்ஸில் வரும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கோபம் என்றுதான் நினைத்தேன்.

முன்னறைக் கதவைத் தட்டாமல் திறந்து பின்னால் நின்று பார்த்தேன். இடது பெருவிரல்.

"உந்தப் பழக்கம் ஆர் தந்தது?"

துள்ளி எழும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பெரியப்பா. சின்னனிலை. நீங்கள் பள்ளிக்கூடத்தாலை வரமுதல் மிசினை மூடி வைச்சிடுவம்."

என் வீட்டிலேயே!

"ஏன் வித்தனி?"

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீங்கள் போ எண்டும் சொல்லமாட்டியள், போகாதை எண்டும் சொல்லமாட்டியள். முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருப்பியள். மிசின் இல்லையெண்டால் போகத்தானே வேணும், உங்களிட்டைக் கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினாள். "ஊரிலை உள்ள லப்டொப் எல்லாத்தையும் விட்டிட்டு நான் வித்ததைத்தானே பொறுக்கிக்கொண்டு வந்தனீங்கள்! எனக்கு இந்தக் கதிரையிலை இருக்கவே பயமாக் கிடக்கு, பெரியம்மா. பெரியப்பாதான் போகாதை எண்டு திருப்பி அனுப்பினவரோ? நான் கொழும்புக்குப் போகேல்லை. இஞ்சையே இருக்கிறன்."

நான் குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஓம், அவர்தான் அனுப்பினவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருந்துவிடுவாள். என் சாவுவரை இருப்பாள், அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தபடி.

18.02.2025

காலை தேத்தண்ணியோடு சொன்னேன். "உன்ரை பெரியப்பா உயிரோடை இருக்கேக்கையே ஒருதரையும் மறிச்சவரில்லை. இப்ப எதுக்கு மறிக்கப் போறார்? போ."

நம்பாமல் பார்த்தாள். "உண்மையாவோ?"

"ஓம். இதையும் கொண்டு போ. கொம்பனிக்காரர் என்ன விசைப்பலகை வைச்சிருக்கினமோ ஆருக்குத் தெரியும்."

கட்டிப்பிடித்து அழுதாள். தேத்தண்ணி என் சேலையில் ஊற்றுப்பட்டது. போகாத கறை.

01.03.2025, சனி

காலை ரயிலில் போய்விட்டாள். மடிக்கணினியை டானியலின் துவாயில் சுற்றிக் கொடுத்தேன். எள்ளுப்பாகு ஒரு பேணி நிறைய. மேசையில் இருந்து தின்னாதே என்றேன். தின்னத்தான் போகிறாள்.

வீடு கூட்டினேன்.

06.03.2025

பின்னேரம் றெபேக்கா போன் எடுத்தாள். கந்தோரில் கதிரை நல்லதாம், சோறுதான் சரியில்லையாம்.

"வேலை கிடக்கு, பெரியம்மா. ஆனால் போனை வையாதேங்கோ. பெரியப்பான்ரை மேசையிலை வைச்சிட்டு உங்கடை அலுவலைப் பாருங்கோ. நானும் இஞ்சை பக்கத்திலை வைச்சுக்கொண்டு செய்யிறன்."

கைபேசியை மேசையில் வைத்தேன். விரைவாக மூன்று நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு அந்தக் கனமான இடி. கதவைத் திறந்து விட்டுவிட்டுக் குசினியில் பாகு காய்ச்சி, எள்ளு உருட்டி முடித்தேன். நல்ல பிள்ளை, ஓயாமல் வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணியோடு முன்னறை வாசலுக்கு வந்தபோது, சேலை மடிப்பில் ஏதோ கனத்தது. கைபேசி. பாகு கிண்டும்போது அது கீச்சிட்டதும், சார்ஜ் ஏற்றவென்று நானே போய் மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியதும் அப்போதுதான் நினைவு வந்தது. அது அணைந்து கிடந்தது.

முன்னறையில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வந்து, எள்ளுப்பாகு ஒன்றோடு வாசற்படியில் வைத்தேன்.