படகை விற்கச் சொன்னவள்

மார்ச் 4
வந்து சேர்ந்தாயிற்று. இதுதான் கடைசித் துறைமுகம். எட்டு மாதப் பாய்மரப் பயணம் முடிந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு இவர் மேல்தளத்திலேயே உட்கார்ந்து அழுதார். தாலி கட்டின நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணீர் வரவில்லை. குளிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மார்ச் 6
மகள் பிடித்து வைத்திருந்த வாடகை வீடு. மாடி. கட்டிலில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். தரைதான் ஆடிக்கொண்டே இருக்கிறது. குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் பதறி மூடுகிறேன். "இனிமே நிம்மதிதானேம்மா?" என்கிறாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 9
எதிலும் மனம் ஒட்டவில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து என்ன ஆகப்போகிறது — துணி காயப்போடவா?

"படகை வித்துடலாம், நீ கேட்ட மாதிரியே" என்றார் இவர். கேட்டேன்தான். கரை சேர்ந்த மறுநாளே இந்தச் சனியனை வித்துத் தலைமுழுகணும் என்று ஒவ்வொரு புயலிலும் கத்தினேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது?

மார்ச் 13
வாங்குவதற்கு ஒரு பல் டாக்டர் வந்தார். வாய்க்குள் பார்ப்பது போலவே டார்ச் அடித்துப் பார்த்தார். அவரை எப்படியாவது விரட்ட வேண்டுமே! "மழை பேஞ்சா படுக்கையில ஒழுகும். இன்ஜின் நினைச்சாதான் ஓடும். பாய் பூரா தையல். எட்டு மாசமா நரகம்" என்று அடுக்கினேன். பாதி பொய். அந்தப் பாயைத் தைத்ததே நான்தான், கிழியவே கிழியாது. டாக்டர் முகம் சுருங்கியது. அப்பாடா.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 14
வித்துட்டார்! டாக்டர் கேட்ட அடிமாட்டு விலைக்கே! "இவ்வளவு வெறுப்போட நீ என்கூட வந்திருக்கேன்னு தெரியாமப் போச்சு. இனி அது உன் கண்ணுல படவே கூடாது" என்கிறார். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன். இப்ப உண்மையைச் சொன்னா இந்த மனுஷன் தாங்குவாரா?

மார்ச் 15
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19
சும்மா நடக்கலாம் என்று கிளம்பினேன். கால் நேரே துறைமுகத்துக்குப் போனது. பால் வாங்கி வருகிறேன் என்று எனக்கு முன்னால் புறப்பட்ட மனுஷர், எங்கள் படகு நின்ற இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பக்கத்தில் போய் நின்றேன். "எனக்கு விக்க மனசே இல்லைங்க. அந்த ஆளை விரட்டத்தான் அப்படிச் சொன்னேன்."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?" என்றார்.

பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.