சு.ம. – ஐந்து துளி

இஞ்சாருங்கோ,

பத்தொன்பது வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனிமேல் பழகவும் வராது. குசினியில் சமைத்தபடி ஒரு சத்தம் கொடுத்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு "என்னப்பா" என்று வந்து நிற்பீர்கள். இன்றைக்கும் கூப்பிடுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன், அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம். போன ஆளோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறா. உங்களோடு பிடிக்க வேண்டிய சண்டையை நான் வேறு யாரோடு போய்ப் பிடிக்கிறது? வெள்ளவத்தைக் காலி வீதி மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்ற மனிதன் நீங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று துரத்துவீர்கள். உங்களுக்கு நொந்தபோது மட்டும் வாய்வு என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்தீர்கள். சரி, அந்தக் கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இது வேறு கோபம், இது உங்கள் தங்கச்சி சுகந்தியின் விஷயம்.

சுகந்தி என்ன பாடுபட்டு ஓடுகிறாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டு, ரயிலில் நெரிபட்டு வெள்ளவத்தையில் இறங்கி, ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் மைதானத்துக்குப் போகிறவள். முப்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் பேச்சு வாங்கினவள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் அணி இந்த வருடம் வெளிநாடு போகிறது, எண்ணூறு மீட்டரில் முதல் மூன்று பேருக்கு இடம். அவள் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

தெரிவுப் போட்டிக்கான படிவத்தில் "தற்போது பாவிக்கும் மருந்துகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கோடு கீறிவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் தங்கச்சி அரிச்சந்திரன் பரம்பரையல்லவா! "அண்ணாவின் மருந்து, ஓட்டத்துக்கு முன் ஐந்து துளி" என்று வடிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் இது என்னவென்று சிங்களத்தில் கேட்டாராம். "அய்யாகே பேத்" என்று இவள் சொன்னாளாம், அண்ணாவின் மருந்து என்று. அண்ணா டொக்டரா என்று அவர் கேட்க, இல்லை, மருந்துக்கடையில் வேலை செய்தவர், இப்போது உயிரோடு இல்லை என்றாளாம். மனிதன் பேனையை மூடி வைத்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதி, கீழே அவளே கையெழுத்து வைத்துக் கொண்டுவந்தால்தான் படிவத்தை எடுப்போம், ஊக்கமருந்து விஷயத்தில் விளையாட முடியாது என்று சொல்லி இரண்டு கிழமை தவணை கொடுத்தார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

அந்தச் சின்னக் கபிலநிறப் போத்தலை ஆறு வருடம் கழுவிக் கழுவி வைத்தவள் நான். என்ன மருந்தென்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? "அது உமக்கு விளங்காது" என்று ஒரு சிரிப்பு. அதற்கு நீங்கள் வைத்த பத்தியம் வேறு! ஓட்டத்துக்கு மூன்று நாளைக்குக் கத்தரிக்காய் இல்லை, இறால் இல்லை, ஐஸ் தண்ணீர் இல்லை. துளி விட்ட பிறகு கால் மணித்தியாலம் யாரோடும் கதைக்கக் கூடாது. ஒரு தரம் மறந்துபோய் அவளுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்துவிட்டேன் என்று என்னை என்ன பேச்சுப் பேசினீர்கள். இவ்வளவு பத்தியம் இருக்கிறதென்றால் இது சாதாரண மருந்து இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் சனத்தின் புத்தி உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவளும் ஓடினாள் என்பதுதான் விஷயம். அந்தத் துளிகள் நாக்கில் பட்ட நாளில் கடைசி இருநூறு மீட்டரில் கால் எரிவதில்லை, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும் என்று எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மணிக்கூடும் அதைத்தான் சொன்னது.

உங்கள் அலுமாரியைக் கிண்டினேன். கீழ்த்தட்டில் ஒரு நீலக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திகதி போட்டு, பக்கத்தில் "சுகந்தி – சு.ம. 5 துளி" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? சு.ம. என்றால் சுக்கு மல்லி, வேறென்ன? ஒரு பானை காய்ச்சி வடித்து, முடிந்து கிடந்த உங்கள் போத்தலில் விட்டேன். சுக்கு, மல்லி, தண்ணீர் என்று கடிதமும் எழுதி வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கையெழுத்து வைக்க முதல் ஒரு தரம் விட்டுப் பார்க்கிறேன் என்றாள் சுகந்தி. நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்து, ருசி வேறாக இருக்கிறது என்றாள். புதிதாகக் காய்ச்சினது அப்படித்தான் இருக்கும் என்று நான் ஒரு கதை விட்டேன். ஐந்து துளி போதாது போலிருக்கிறது என்று அவள் அரைப் போத்தலைக் குடித்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள், பாவம்.

ஏதோ ஒரு சாமான் விடுபட்டிருக்கிறது, அளவாவது பிழைத்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் மறுபடி காய்ச்சலாம் என்று சந்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் வாயைத் திறந்து "நூறு கிராம் வேர்க்கொம்பு தாங்கோ" என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வேர்க்கொம்பு! எங்கள் வீட்டில் யார் அதைச் சுக்கு என்று சொல்லியிருக்கிறோம்? உங்கள் வாயில் ஒரு நாளும் சுக்கு என்று வந்ததில்லை. பிறகு எப்படி அது உங்கள் கொப்பியில் வரும்?

வேர்க்கொம்பும் வாங்காமல் நேரே உங்கள் கடைக்குப் போனேன். உங்களோடு இவ்வளவு காலம் ஒரே மேசையில் நின்ற நவம் அண்ணையிடம் கொப்பியை நீட்டினேன். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சும்மா மருந்து, தங்கச்சி," என்றார்.

ஒரு நோய் வருத்தமும் இல்லாமல் வந்து ஏதாவது தந்தால்தான் போவேன் என்று நிற்கிற ஆட்களுக்கு நீங்கள் இரண்டு பேரும் வைத்திருந்த பெயராம் அது. கொதித்தாறின தண்ணீர், கசப்புக்கும் நிறத்துக்கும் வெந்தயம் ஊறின சாறு, வாசத்துக்கு ஒரு சொட்டு பெப்பர்மின்ட். கசக்காவிட்டால் எங்கள் சனம் நம்பாது என்று நீங்கள்தான் வெந்தயத்தைச் சேர்த்தீர்களாம்.

நவம் அண்ணை எனக்கு வகுப்பே எடுத்தார். ஓடுகிறபோது கால் களைக்க முதலே மூளை பயந்துபோய்ப் பிரேக் பிடிக்கிறதாம். மருந்து குடித்திருக்கிறேன் என்று நம்புகிறவருக்கு அந்தப் பயம் கொஞ்சம் பிந்தி வருகிறதாம், அதற்குள் நாலு எட்டுக் கூட வைத்துவிடலாமாம். உலகத்துப் பெரிய டொக்டர்மாருக்கும் இது தெரியும், வெறும் மாவுக் குளிசையைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறவர்கள் என்றார். எல்லாம் சரி, இதை நீங்களே சுகந்திக்குச் சொல்லுங்கோ என்றேன். கடையில் ஆள் நிற்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

நான் கொப்பியைப் புரட்டினேன். புரட்டாமல் வந்திருக்கலாம். நாலாவது பக்கத்தில் "இவ – முழங்கால் – சு.ம. 10 துளி."

இவ என்றால் நான். நீங்களும் என் பெயரை எழுதமாட்டீர்கள்.

லிஃப்ட் பழுதாகி நாலு மாடியையும் காலால் ஏறுகிறபோது எனக்கு முழங்கால் வீங்கியதே, அப்போது தந்தது. அதைக் குடித்துவிட்டு மரக்கறிப் பையோடு ஏறி இறங்கினேன், கீழ்வீட்டு மனுசிக்கும் என் அவரின் மருந்து என்று பெருமை அடித்தேன். நீங்கள் போய்ப் போத்தலும் முடிந்த பிறகு நோவு திரும்பி வந்தது. தங்கச்சிக்கு விட்ட அதே தண்ணீரைத்தான் எனக்கும் விட்டிருக்கிறீர்கள். எனக்குப் பத்துத் துளி, அதில் மட்டும் வஞ்சகம் இல்லை. கொப்பியைப் பார்த்த அன்றைக்கு உங்களை ஏசி ஏசி நாலு மாடியும் ஏறினேன், நடுவில் நிற்கவேயில்லை. நோகவில்லை என்று சொல்லமாட்டேன், அந்தச் சந்தோசம் உங்களுக்கு வேண்டாம்.

பிறகு யோசித்தேன். தவணைக்கு மூன்று நாள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் படிவத்தை எடுப்பார்கள், ஆனால் அந்தக் கடைசி இருநூறு மீட்டரில் அவளை யார் தள்ளுகிறது? சொல்லாவிட்டால் படிவத்தையே எடுக்கமாட்டார்கள். வெந்தயம், பெப்பர்மின்ட் என்று எழுதி, அண்ணாவின் கைப்பக்குவம் என்று சொல்லிச் சமாளியுங்கோ என்று நவம் அண்ணை ஆள் விட்டுச் சொன்னார். வெந்தயத்தை ஊறவும் போட்டேன். என்னால் ஏலாமல் போய்விட்டது. நீங்கள் பொய் சொன்னால் உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. என் முகத்தைச் சுகந்தி ஒரு பார்வையில் படித்துவிடுவாள்.

கடற்கரைப் பக்கம் தண்டவாளத்துக்கு அங்கால் இருக்கிற கல்லில் அவளை இருத்தி, கொப்பியை மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தெஹிவளைப் பக்கம் ஒரு ரயில் போய் முடியும்வரை அவள் கொப்பியில் தன் பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடிப் படித்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அண்ணா என்னை நம்பேல்லையோ, மச்சாள்?" என்றாள். "என்ரை காலாலை நான் ஓடுவனெண்டு ஒரு நாளும் நினைக்கேல்லையோ?"

சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்வது? அன்பினால் செய்தார் என்றேன். அது எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. ஆறு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிள்ளை, இது வெறும் தண்ணி, ஓடினது நீதான் என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல நினைத்தீர்களா? வெளிநாட்டில் ஓடி முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தீர்களா? உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் படிவத்தை எடுத்து, எழுதினதை வெட்டிவிட்டு, "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அந்த உத்தியோகத்தர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. நான் போயிருந்தேன். சுகந்தி முதல் சுற்றை முன்னுக்குத்தான் ஓடினாள், உங்களுக்குப் பிடித்த மாதிரித் தோளை இறக்கி. கடைசி வளைவு தொடங்குகிற இடத்துக்கு மூன்றாவதாக வந்தாள். பிறகு அந்த இருநூறு மீட்டர். அவள் ஒரு தரம் தலையைத் திருப்பினாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாளா, தள்ளுகிற கை இல்லையே என்று பார்த்தாளா, எனக்குத் தெரியாது. கண்டியிலிருந்து வந்த ஒரு பெண் வெளிப்பக்கத்தால் வந்து கடந்துவிட்டாள். நாலாவது இடம். அரை அடி இருக்கும், அதற்கு மேல் இல்லை.

அந்த அரை அடியை என்ன செய்வது என்று ஒரு கிழமையாக எனக்குத் தெரியவில்லை. ஐந்து துளி விட்டிருந்தால் அது வந்திருக்குமா? சொன்னதால் கெடுத்தவள் நானா, சொல்லாமல் விட்டதால் கெடுத்தவர் நீங்களா? வெந்தயத் தண்ணீருக்குள் இவ்வளவு பெரிய வழக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே!

அவள் புல்லில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, நல்லாகத்தான் ஓடினாய், அடுத்த வருடம் கட்டாயம் நீ வருவாய் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவும் சும்மா மருந்தோ, மச்சாள்?"

கோபத்தில் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். இனி யார் அவளை நன்றாக ஓடுகிறாய் என்று சொன்னாலும் அவளுக்கு அது போத்தலில் இருந்து வந்த சொல்லாகத்தான் கேட்கும். நீங்கள் தங்கச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது அதைத்தான்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த தெரிவுக்கு ஒரு வருடம் இருக்கிறது. நாளையிலிருந்து அவள் ஓடுகிற ஒவ்வொரு நாளும் நான் மைதானத்தில் நிற்பேன். மணிக்கூடு என்ன சொல்கிறதோ அதை ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல் அவள் முகத்துக்கு நேரே சொல்வேன். மோசமாக ஓடினால் மோசம் என்பேன். ஏசுவாள், ஏசட்டும். என் வாயிலிருந்து பொய் வராது என்று அவளுக்கு எப்போது நிச்சயமாகிறதோ, அன்றைக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம், உன்னால் ஏலும் என்று சொல்வேன். அவள் அதை நம்புவாள். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனுசி,
சுகந்தியின் மச்சாள்.