டிரைவர் பக்கத்து சீட்டு

இன்று செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் முன்னால் இருந்தவர் ஒரு குடம் தைலத்தை முதுகில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்த நெடிக்குப் பாலாறே எழுந்து ஓடியிருக்கும், தண்ணீர் இருந்திருந்தால். உன் நினைவு வந்துவிட்டது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஆற்றில் நாம் மணல் லாரி நிரப்பிய நாட்களில், குனிந்து மண்வெட்டியால் வாரிச் சட்டியில் போடுவது நீயும் நானும். தூக்கிக் கொட்டுவது மற்ற இருவர். அந்தப் பந்தயத்தைக் கட்டியவன் நான்தான். லாரி நிரம்பும்வரை இடுப்பை நிமிர்த்தாதவனுக்கு டிரைவர் பக்கத்து சீட்டு. நிமிர்ந்தவன் வெயிலில், மணல்மேல். ஈரேழு உலகத்துக்கும் ஒரே சிம்மாசனம் அந்தக் கிழிந்த ரெக்சின் சீட்டுதான் என்று அளந்தேன். நீ நம்பினாய்.

நடுநடுவே, "ஐயோ, முள்ளு குத்திக்கிச்சிபா!" என்று கத்திவிட்டு லாரிக்குப் பின்னால் நொண்டிப் போவேன்.

"முள்ளு எடுக்கப் போனா தோத்ததா ஆவாது. பொறுமையா எடுத்துட்டு வாபா" என்பாய், குனிந்தபடியே.

ஒருநாள் லாரி நிரம்பியதும், மணலில் கிடந்த உன் துண்டை எடுக்கப்போன நீ நிமிரவேயில்லை. அத்தனை மணலும் செய்யாததை ஒரு துண்டு செய்துவிட்டது.

"இன்னாபா, பந்தயம்தான் முடிஞ்சிடுச்சே. இன்னும் யாருக்குக் கும்புடு போட்டுக்கினு இருக்கிற?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினோம். உன்னை மணல்மேல் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். சீட்டு எனக்குக் கிடைத்தது.

"ஓயாம குனிஞ்சிருந்தா முதுகைத் தாங்குற தசை சோர்ந்துபோயிடும். அப்புறம் சின்ன வேலைக்குக்கூடப் பாரமெல்லாம் எலும்புக்கும் ஜவ்வுக்கும்தான் போகும். நடுவுல நாலு தடவை நிமிர்ந்திருக்கலாமே" என்றார் டாக்டர். உன் கால்கள் அதற்குள் மரத்துப்போயிருந்தன.

பிறகு கட்டிலும் முதுகுக்குத் தைலமும்தான், ஒன்பது வருடம். ஒருமுறை கேட்டாய்: "நீயும்தானே நிமிரல? உனக்கு மட்டும் எப்படிபா ஒண்ணும் ஆவல?"

"என் முதுகெலும்பு ராஜகோபுரத்துக்கு அடிச்சதுல மிஞ்சின கல்லுபா" என்றேன். சிரிக்க ஆரம்பித்து, வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாய்.

போன மாசியில் படுக்கைப் புண் உன்னைக் கொண்டுபோயிற்று. பாடையின் ஒரு முனை என் தோளில். கனமே இல்லை. என் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாயைத் திறந்தால் வண்டி வண்டியாக அளப்பவன், உன் கட்டிலருகே ஒன்பது வருடம் உட்கார்ந்தும் இதை மட்டும் சொல்லவில்லை. ஒருநாளும் என் காலில் முள் தைக்கவில்லை. முதுகு வலித்தது; லாரிக்குப் பின்னால் போய் நிமிர்ந்துகொண்டேன்.