ரோனலினுக்கு நீ எழுத வேண்டிய சான்று

அன்பு மகள் ஜூவிக்கு,

மாதாவின் தயவில் இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, படகுகள் கரையிலேயே கிடக்கின்றன, ஆனால் படகு எஞ்சின்கள் மட்டும் பழுதாகி என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. நீ அனுப்பும் பணத்தில் போடும் சமையலறைக் கூரை பாதியில் நிற்கிறது. உன் தம்பி ரமில் என்னோடு பேசுவதில்லை. மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டை உன் ஞானத்தாய் வெனான்சியா வீட்டில்தான் சாப்பிடுகிறான், வேண்டுமென்றே நம் வாசல் வழியாகவே நடந்து போய்.

காரணம் உனக்குத் தெரியும். வெனான்சியாவின் மகள் ரோனலின் உன்னோடு சவுதியில் ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள், ஒரு கிழவிக்குச் சர்க்கரை ஊசியை இரட்டை அளவில் போட்டுவிட்டு, சரியான அளவு போட்டதாக எழுதி வைத்தாள். கிழவிக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து நீ ரோனலினைக் கேட்டாய், அவள் உன் காலைப் பிடித்தாள், நீ மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாய். கிழவி பிழைத்தாள், ரோனலினை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தத் தெருவே நம்மை ஊர்க்காரியைக் காட்டிக்கொடுத்த குடும்பம் என்கிறது. சந்தையில் மீன்காரி லெத்தி என் காதுபடவே, "இவரு பொண்ணுகிட்ட பல் வலின்னுகூடச் சொல்லாதீங்கடி, போலீசுக்கு எழுதிப் போட்டுருவா" என்று சிரித்தாள். உனக்கோ உன் வீட்டுக் கிழவிக்கோ ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டு மறைத்தால் அப்போது சிரி என்று திருப்பிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனால் எஞ்சினைத் தப்பாக மாட்டிவிட்டுச் சரியாக மாட்டினேன் என்று சொல்லி எவனையும் கடலுக்கு அனுப்பியதில்லை. உனக்காக யாரோடெல்லாம் சண்டை போட்டேன் தெரியுமா, பங்குச் சாமியாரையும் விடவில்லை.

இப்போது ரோனலினுக்கு அயர்லாந்தில் வேலை வரும்போலிருக்கிறது, கூட வேலை செய்த ஒருவர் சான்று எழுதித் தர வேண்டுமாம், ஊசி விஷயத்தை விட்டுவிட்டு நல்லதாக எழுதிக் கொடு என்று வெனான்சியா உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ உன் அம்மா வழியாக எனக்கு, "எழுதிக் குடுத்துடறேன்ப்பா, ஊர்ல உங்களுக்கும் நிம்மதி" என்று சொல்லி அனுப்பினாய். என் நிம்மதியை யார் கேட்டது? அந்தச் செய்தியைக் கேட்ட கையோடு, என் மகள் அப்படி எழுத மாட்டாள் என்று சொல்லிவிட்டு வரத்தான் வெனான்சியாவின் பலகாரக் கடைக்குப் போனேன். அம்மாவும் மகளும் பசையரிசியை ஓலையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெனான்சியா, "ரமிலுக்கு மூச்சு மெஷின் இல்லைன்னு ஆஸ்பத்திரியில கைவிரிச்சப்போ மூச்சுப் பையை யாருண்ணே அமுக்கினது? என் கை இன்னும் மரத்துப்போகுது. அந்தக் கைக்கு உங்க பொண்ணு செஞ்ச மரியாதை இதுதானா?" என்றாள். உண்மைதான். ரமில் மூச்சுவிட முடியாமல் அரசு மருத்துவமனையில் கிடந்து, அவனுக்குக் காற்றுப் போக நாம் முறைவைத்துக் கையாலேயே அந்தப் பையை அமுக்கியபோது அவள் முறை எப்போதும் நீளமாகத்தான் இருந்தது. நானும் விடவில்லை. ஒரு மத்தியான வெக்கையில் அவள் கண்ணசந்து பையை விட்டுவிட்டு, விழித்த உடனே, "ஐயோ தூங்கிட்டேன், பையனைப் பாருங்க" என்று வார்டே அதிரக் கத்தினாளே, அதைச் சொன்னேன். "அன்னைக்கு நீ வாயைப் பொத்தியிருந்தா ரமில் இன்னைக்கு உன் வீட்டுல சோறு தின்ன இருக்க மாட்டான். நீ கத்தின மாதிரி உன் பொண்ணு ஏன் கத்தல?" என்றேன். அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "பறிபோறதுக்கு எனக்கு ஒரு வேலை இல்லண்ணே, அதான் கத்தினேன்" என்றாள்.

அப்படியும் நான் அங்கிருந்து நகரவில்லை ஜூவி. அப்போது ரோனலின் தலை நிமிராமல், "நான் செஞ்சது தப்பு மாமா, மறைச்சது அதைவிடத் தப்பு. ஆனா அதுக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க வேலையில நின்ன என்னை, ஆள் இல்லைன்னு மறுநாளும் நிக்க வெச்சாங்க. அது ஜூவிக்குத் தெரியும். விசாரணையில அவளைக் கேட்டாங்க, தெரியாதுன்னுட்டா" என்றாள். என் மகள் அப்படிச் சொல்ல மாட்டாள் என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள், கேட்டேன், நிமிராமலே, "அவளுக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லி அழுதா. உங்ககிட்ட சொன்னா ஊரைக் கூட்டுவீங்க" என்றாள். தெரு முழுக்க உனக்காகக் கத்திக்கொண்டு திரிந்தவனுக்கு மட்டும் பாதிதான் தெரியும்! வெனான்சியாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. நீ சொன்னதில்தான் பாதி இல்லை.

ஆகவே சான்று எழுது. அளவு தவறினாள், மறைத்தாள் என்று எழுது. அவளை ஓய்வில்லாமல் அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் நிற்க வைத்தார்கள் என்றும் எழுது. அது தெரிந்திருந்தும் விசாரணையில் தெரியாது என்றேன் என்றும் எழுது. நோயாளிகளிடம் அவள் எப்படி நடந்துகொண்டாள் என்பதை, நல்லது கெட்டது இரண்டையும், நீ பார்த்தபடியே எழுது. ஒரு பிரதியை அயர்லாந்துக்கு அனுப்பு, இன்னொன்றை உன் மேலதிகாரியின் மேசையில் வை. அந்த வார்டில் இன்றைக்கும் எவளோ ஒருத்தி இரண்டாவது ஷிஃப்ட் நின்றுகொண்டிருப்பாள், அவள் கையில் ஊசி இருக்கும். உன்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவாய். ரோனலினுக்கும் அதே பயம்தான். பயந்துகொண்டே எழுது. அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் வா, கூரை அப்படியே நிற்கட்டும், மழைக்கு ஒதுங்க இன்னும் பாதி இருக்கிறது.

வெயிலில் அலையாதே. ஞாயிறு பூசையை விடாதே. கடவுள் உன் கையையும் வாயையும் ஒன்றுபோலக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதத்துக்குப் பதிலை உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. என்னிடம் சொல்.

கோபம் தீராத உன் அப்பா,
எலியுதேரியோ