பின் சீட்டில் பிரேக் இல்லை

மே 9, வெள்ளி

கண் டாக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தாளாம். என் மனைவி கெஸீனா அப்புறம் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு மங்கல். சுற்றி காது, கம்மல், பின்னல் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

"ஹார்ப்ரெக்ட் சார், என்னைத் தெரியலியா? உங்ககிட்டதான் கார் கத்துக்கிட்டேன். முதல் தடவை ஃபெயில் ஆனப்போ நீங்க விட்ட டோஸ் இன்னும் காதுல இருக்கு."

ஞாபகம் வந்துவிட்டது. பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பின பெண். இப்போது அவள் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வராது. ஓரப்பார்வை நன்றாக இருக்கிறது, அது நிலைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை இனி நான் தொடக்கூடாது.

ஹாமெல்ன் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று என் மாணவி என்னை ஃபெயில் ஆக்கினாள். டோஸ் கூட விடவில்லை, நாகரிகமான பெண்.

போகும்போது ஓட்டினவன் நான். வரும்போது ஓட்டினவள் கெஸீனா. எங்கள் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம்; நான் என் வழக்கமான வாத்தியார் சீட்டில், வலது பக்கம். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் அங்கேயும் எனக்கென்று தனி பிரேக், தனி கிளச் உண்டு. ஒவ்வொரு முக்கிலும் மிதித்தேன். வேண்டுமென்று இல்லை, பழக்க தோஷம். கெஸீனா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கல்யாணமான புதுசுல நீ எனக்குக் கார் சொல்லிக்கொடுத்தியே, ஞாபகம் இருக்கா எக்கார்ட்?"

இருக்காதா? மூன்றாவது பாடத்தில், ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் எதிர்த்தெரு ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையே பாஸ்.

மே 10, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. தடிப் பேனாவால் பெரிசு பெரிசாக எழுதுகிறேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அழுகை வருகிறது. சரி, வரட்டும்.

மே 25, ஞாயிறு

ஒவ்வொரு கோடைக்கும் ஓர் ஆற்றங்கரைப் பயணம். ஆளுக்கொரு சைக்கிள், ஒரு டென்ட், ஒரு ஸ்டவ். எங்களுக்குள் சண்டை இல்லாத நாட்கள் வருஷத்தில் அவ்வளவுதான், ஏனென்றால் நான் முன்னால் போய்விடுவேன், அவள் பேசுவது கேட்காது. இந்த வருஷம் எல்பே ஆறு என்று பேசி வைத்திருந்தோம். "எல்லாம் முடிஞ்சு போச்சு, சைக்கிளை வித்துடு" என்று காலையில் பெரிய தியாகி போலச் சொன்னேன்.

சாயங்காலம் அவள் தோழி வீப்கேயின் கொட்டகையிலிருந்து என்னத்தையோ தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். நீளமாக இருந்தது. தடவிப் பார்த்தேன். இரட்டைச் சைக்கிள்.

"முன்னால நான். பின்னால நீ."

"பின்னால ஹேண்டில்பார் திரும்பாதே?"

"திரும்பாது."

"பிரேக்?"

"அதுவும் கிடையாது. அதனாலதான் உன்னை அங்க வைக்கிறேன்."

ஜூன் 7, சனி. இடையில் ஒரு பேக்கரி வாசல்

சும்மா ஒரு வெள்ளோட்டம். வேஸர் ஆற்றோரமாகக் கீழே போய், ஓர் இரவு டென்ட்டில் தங்கி, நாளை திரும்புவது. ஆறு கீழே ஓடுகிறதே, மிதிக்கவே வேண்டாம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். காற்று எதிரே வரும் என்பதை ஒருவனும் சொல்ல மாட்டான். நானும் யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பேர் பெடலும் ஒரே செயினில் கட்டியவை. நான் நிறுத்தினால் அவளும் நிற்க வேண்டும். இது எனக்கு எப்படித் தெரிந்தது?

பாதை நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பம், கார் நுழையாமல் இருக்க நட்டது. எனக்குக் கம்பம் தெரியவில்லை, அதன் நிழல் தெரிந்தது. வலது கால் தானாகக் கார் பிரேக்கை மிதிப்பது போல அழுந்தி, அப்படியே விறைத்து நின்றது. கெஸீனாவின் கால் பெடலோடு அப்படியே நின்றுபோக, வண்டி குடிகாரன் மாதிரி ஆடி, கம்பத்துக்கு அந்தப் பக்கமாக எப்படியோ போய்ச் சேர்ந்தது.

"யாருய்யா அங்க பின்னால பிரேக் போடறது?"

"பிரேக்தான் இல்லையே."

"உன் கால் இருக்கே!"

அப்புறம் ஒரு டிராக்டருக்கு மிதித்தேன். ஒரு நாய்க்கு மிதித்தேன், அது கயிற்றில் கட்டியிருந்ததாம். வாயும் சும்மா இல்லை. "வலது! வலது! கண்ணாடியைப் பார்!" என்று கத்தியிருக்கிறேன். சைக்கிளில் ஏது கண்ணாடி?

பேக்கரியில் நிறுத்தினாள். காபி வாங்கிக் கையில் கொடுத்தாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. அவள் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை உன் காலோ வாயோ வேலை செஞ்சுதுன்னா, வண்டி நாளைக்கே வீப்கே வீட்டுக்குப் போயிடும். எல்பேக்கு நான் அவளோட போறேன். நீ வீட்டுல தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டு இரு. அடுத்த வருஷமும் அப்படித்தான். அதுக்கு அடுத்த வருஷமும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் இறங்கினவள் அவள்.

அதே நாள், மதியம்

வாயை மூடிக்கொண்டு வந்தேன். டென்ட் போடும் முகாமின் வாசலுக்கு வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. மதிய ஓய்வு, மூன்று மணி வரை யாரும் உள்ளே வர முடியாது. கட்டைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், மேலாளர் பொல்ஹோஃப் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி கேக் தின்றுகொண்டிருந்தார். கேக்கின் வாசனை வந்தது.

"சைக்கிள்தானே ஐயா, கட்டைக்குக் கீழே குனிஞ்சு வந்துடறோம்" என்றாள் கெஸீனா.

"சைக்கிளுக்கும் ஓய்வு வேணுமில்லையா அம்மா? மூணு மணிக்கு வாங்க."

"நாங்க வந்துட்டோமே. எதிர்லதான் நிக்கிறோம்."

"அப்ப அங்கேயே நில்லுங்க. மூணு மணிக்கு நான் உங்களைத் தேட வேண்டியதில்லை."

அவளுக்கு முகம் சிவந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரூல்னா ரூல்தான், அவர் சொல்றது சரி" என்றேன். இது வாய் வேலை செய்த கணக்கில் வருமா? பயந்துபோய்க் கேட்டேன். "இது வேற கணக்கு. அதுக்கு வேற தண்டனை" என்றாள். ஏதோ ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றோம். என் பங்கில் ஊறுகாய் வெள்ளரிக்காய் இல்லை. அதுதான் தண்டனை.

அதே நாள், சாயங்காலம். டென்ட்டுக்குள்

கையெல்லாம் எரிகிறது, எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

டென்ட்டை அடித்துவிட்டு, காலையில் சாப்பிட பன்னுக்குச் சொல்லிவைத்துவிட்டு, பாரமில்லாமல் கரைமேல் ஒரு சுற்றுப் போனோம். வெயில் அவளுக்கு எதிரே. நான் பின்னால் சாதுவாக, கால் அவள் காலோடு, வாய் பூட்டினபடி. அப்போது இடது பக்கம் ஆற்றுச் சரிவில் எதுவோ அசைந்தது. சாம்பல் நிறம், நீளக் கழுத்து. காட்டு வாத்துகள். குஞ்சும் குளுவானுமாக ஒரு பெரிய குடும்பமே பாதையைப் பார்த்து ஏறி வருகிறது. என் ஓரப்பார்வைக்குள் நடப்பதால் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவள் நேரே பார்த்து ஓட்டுகிறாள்.

சொல்லலாமா? சொன்னால் எல்பே போச்சு. சொல்லாவிட்டால்... நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன். என் வாழ்நாளில் நான் வாயைத் திறக்க வேண்டியிருந்த ஒரே இடம் அதுதான், அங்கே போய் மௌன விரதம்!

அடுத்து இறக்கைச் சத்தம், கெஸீனாவின் அலறல், ஹேண்டில்பார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். விழுந்தது காஞ்சொறிப் புதரில். வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களைத் திட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டன.

"உனக்குத் தெரிஞ்சுதா?" என்று புதருக்குள்ளிருந்து கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நேரமாவே."

"யோவ்! ஏன்யா சொல்லலே?"

"நீதானே வாயைத் திறக்காதேன்னே."

புதருக்குள் ஒரு விசும்பல் கேட்டது. போச்சு, அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகைதான். பாதியில் அது சிரிப்பாக மாறிவிட்டது, அப்புறம் திரும்ப அழுகை. காஞ்சொறி எரிச்சலில் கையைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு உன்னோடதான் போகணும், மடையா. வீப்கே ஏறின இடத்திலேருந்து பேசிட்டே வருவா. எனக்கு உன் கால் வேண்டாம். நேரே என்ன வருதுன்னு நான் பாத்துக்கறேன். பக்கத்துல என்ன வருதுன்னு நீ சொல்லு. பக்கக் கண்ணாடி, பக்கக் கண்ணாடின்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினியே? நீயே அதா இருந்து தொலை."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் மாணவர்களை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். இப்போது தடிப் பேனாவைப் பிடித்து அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது. வெளியே பொல்ஹோஃப் யாரிடமோ சத்தம் போடாதே என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. இடது, ஒரு பெண்ணும் தள்ளுவண்டியும். வலது, ஒரு முயல். இடது, பியர் கடை. எல்லாம் சொன்னேன். முயலுக்கு மட்டும் லேசாக மிதித்துவிட்டேன். அவள் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டாள். பியர் கடைக்கு அவளே பிரேக் போட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

என் டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழற்றினார்கள். பார்க்க வேண்டாம் என்று தோட்டத்தில் இருந்தேன். ஓரக்கண்ணில் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எல்பே முடிந்தது. ஒரு தடவை விழுந்தோம், அது அவள் தப்பு. அவளே ஒப்புக்கொண்டாள். தேதியோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

கார் மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. கூரைமேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகை இல்லை. என் பக்கத்துப் பெடல்களையும் அவன் எடுத்துவிட்டான். குனிந்து தடவிப் பார்த்தேன். வெறும் கம்பளம்.

டாக்டரைப் பார்க்கப் போனோம். எந்த மாற்றமும் இல்லை, அதுவே நல்ல செய்தி என்றாள் அந்தப் பெண். திரும்பும்போது ஆற்றுப் பாலத்துக்கு முன் இருக்கிற ரவுண்டானாவில் கெஸீனா கொஞ்சம் வேகமாகத்தான் நுழைந்தாள். "வலது, சைக்கிள் பையன்" என்றேன். "பாத்துட்டேன்" என்றாள். என் கால் தானாக அழுந்தியது. கீழே ஒன்றும் இல்லை. வண்டி அதுபாட்டுக்குப் பையனுக்கு வழி விட்டு, அழகாகத் திரும்பி, பாலத்தில் ஏறியது.

"நல்லா ஓட்டறே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

அவள் பாலம் தாண்டியதும் பக்கக் கண்ணாடி பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, எல்லாம் முறைப்படி செய்து, வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் பஸ் பிடித்துவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் எனக்குப் பகீரென்றது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன்.