பூசணிக்காய் என்று எழுதிய சீட்டு

1917ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி.
(தமிழ்த் தேதி எழுதவில்லை. வீட்டிலுள்ள இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரு நாள் வேறுபடுகின்றன.)

பொருள்: நேற்றைய காட்சியில் பூசணிக்காய் பூசணிக்காயாகவே ஏற்கப்பட்டது குறித்து.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சீயக்காய்த்தூள் போட்டு இரண்டு முறை கழுவியும் என் வலக்கையை விட்டுப் பூசணிக்காயின் பச்சை வாசனை போகவில்லை. பேனா பிடித்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனால் சாயங்காலங்களில் நீர் என் வாசலில் வந்து நின்றது நினைவுக்கு வருகிறது. பகலெல்லாம் கருப்பட்டிக் கடையில் இருப்பவரிடம் கருப்பட்டி மணக்கும் என்றுதான் பிறர் நினைப்பார்கள். நீரோ கடையை அடைத்த கையோடு கொடிக்குத் தண்ணீர் ஊற்றி, பழுத்த இலை கிள்ளி, பிஞ்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவீர். "என்ன வே தேதிப்பிள்ளை, இன்னைக்கு என்ன கெழம?" என்பீர். கிழமை உமக்குத் தெரியும். நான் கிழமையோடு தேதி, மாதம், வருடம் எல்லாம் சேர்த்து ஒப்பிப்பதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே அந்தக் கேள்வி.

நீர் போன பிறகு என்னிடம் யாரும் கிழமை கேட்டதில்லை.

தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனும் கருப்பட்டி வியாபாரியும் ஒரே சுவருக்கு இருபுறம் குடியிருந்ததால் மட்டும் சிநேகிதராகிவிடுவதில்லை. நம்மைச் சேர்த்துவைத்தது 1914ஆம் வருடத்து அறிவிப்புத்தான். பக்கத்து ஊர் ஆற்றங்கரைத் தோப்பில் பிப்ரவரி 7ஆம் தேதி சனிக்கிழமை தோட்டப் பயிர், கைத்தொழில் காட்சி நடைபெறும் என்று பட்டணத்தில் அச்சடித்த தாள் ஒன்று சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பாய், ஓலைப்பெட்டி, பின்னல் வேலை என்று கைத்தொழில்கள் முதலில் இருந்தன. காய்கறிப் பகுதியில், வாழைக்கும் கிழங்குகளுக்கும் கீழே, "பூசணிக்காய்" என்று ஒரு வகுப்பும் "பரங்கிக்காய்" என்று இன்னொரு வகுப்பும் இருந்தன.

பூசணிக்காயில் நமக்குச் சந்தேகம் வரவில்லை. மஞ்சளாக, வரிவரியாக, உம் வீட்டுக் கூரைமேல் கிடப்பதுதான் பூசணிக்காய். சாம்பல் பூத்துப் பச்சையாக நீண்டிருப்பது தடியங்காய். இதை நம் ஊரில் குழந்தையும் சொல்லும். பரங்கிக்காய்தான் என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. சாவடியில் கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு தரம் படித்து, இது அச்சுப்பிழை, வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரத்தைக் கோத்துவிட்டார்கள், பறங்கியருடைய காய் என்பதே பொருள், அதாவது முட்டைக்கோசு முதலிய சீமைக் காய்கறிகள் என்று முடிவு சொன்னேன். "அப்படிச் சொல்லும்! வெள்ளக்காரன் காயின்னு தெளிவா எழுதித் தொலைக்க வேண்டியதுதான" என்றீர் நீர். ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த ஆண்டு பெங்களூரிலிருந்து விதை வருவித்து நான் கோசு போட்டிருந்தேன் என்பதும் உண்மைதான். வெயிலில் அது உருளையாகக் கூடாமல் விரிந்த இலையாகவே நின்றது. நீர் சுவருக்கு மேலே தலை நீட்டி, "கோசா வே இது? எருக்கெல மாதிரில்லா இருக்கு!" என்றீர். நான் இரண்டு நாள் உம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிழமை கேட்க வந்துவிட்டீர்.

காட்சியன்று ஒரே வண்டியில் போனோம். உம் பூசணிக்காய்க்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் உம் துண்டை விரித்திருந்தீர். என் கோசு என் மடியில் இருந்தது. பந்தலில் பரிசு பார்க்க வந்தவர் பட்டணத்துத் தோட்ட அதிகாரி, தமிழர், மரியாதை தெரிந்த மனிதர். என் கோசைப் பார்த்து, "இது பரங்கிக்காய் மேசையிலே எப்படி வந்தது?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அதை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு உம்மிடம் வந்தார்.

"அடடா, என்ன அருமையான பரங்கிக்காய்! இதைத் தப்பான மேசையிலே வச்சிருக்கீங்களே."

"இது பூசணிக்கா அய்யா."

"இல்லைங்க, பூசணிக்காய்னா சாம்பல் பூத்தாப்போல இருக்குமே, அது."

"அது தடியங்காய்லா!"

"தடியங்காயா? அப்படி ஒரு காய் எந்தப் புஸ்தகத்திலேயும் கிடையாதுங்களே."

"புஸ்தகத்துல இல்லாத காயவா நாங்க இத்தன காலமா கூட்டு வச்சுத் தின்னுட்டு இருக்கோம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். அதன்பின் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. காயை அடுத்த மேசைக்கு மாற்றி வையுங்கள், பரங்கிக்காய் வகுப்பில் இதற்கு இணையாக ஒன்றும் வரவில்லை, முதற்பரிசு இதற்கே என்றார். நான் உம் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "பேர்தானே அண்ணாச்சி, எட்டடி தள்ளி வைத்தால் முடிந்தது" என்றேன். நீர் என் பக்கம் திரும்பினீர். உம் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீரு ஒரு கடுதாசியில தேதிய ஒருநாள் தள்ளிப்போட்டு எழுதுவீரா வே?"

"எழுதமாட்டேன்."

"அப்ப எம் பூசணிக்காயும் அங்கன போகாது."

துண்டைச் சுற்றிக் காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு பந்தலை விட்டு வெளியேறினீர். கோசை எடுத்துக்கொண்டு நானும் உம் பின்னால் வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் காயை மடியிலேயே வைத்திருந்தீர். ஊர் எல்லை வந்ததும், "சவத்த விடும் வே. ஒருநாள் பூசணிக்கான்னு சீட்டு எழுதிக் கட்டவைக்கேன் பாரும்" என்றீர். வேடிக்கையாகச் சொன்னதாக அப்போது எண்ணினேன். மறுநாளே காட்சி நடத்துகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுத என்னை உட்காரவைத்தீர். திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் பெயர்களையும் அறிவிப்பில் சேர்க்க வேண்டும் என்று நான் இலக்கணமாக எழுதி முடிக்க, "கடைசியில இதையும் போடும்: தடியங்காய் தடியங்காய்தான்" என்று நீர் பிடிவாதம் பிடித்தீர். போட்டேன்.

பதில் வரவில்லை. ஆகஸ்டு மாதம் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியது, அடுத்த இரண்டு வருடமும் காட்சி நடைபெறவில்லை. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் நீர் கடையிலிருந்து எட்டிப்பார்ப்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற புரட்டாசியில் நீர் விதை ஊன்றியபோது உமக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. குழி தோண்டியது நான், விதையை ஊன்றியது நீர். "இந்தத் தடவ காட்சி வருமா வே?" என்று கேட்டீர். தெரியாத ஒன்றைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை, தெரியாது என்றேன். வரும் என்று சொல்லியிருக்கலாம்.

உமக்குப்பின் அந்தக் கொடி சுவரேறி என் பக்கம் இறங்கிவிட்டது. வேர் உம் மனையில், காய் என் மனையில். முதல் பெண்பூ விரிந்த காலையில் உம் வீட்டில் மதினியிடம் சொல்லி அனுப்பினேன். பிஞ்சுக்கு அடியில் வைக்கோல் வைத்தேன். ஒரே பக்கம் தரையில் அழுந்தி வெளுக்காதிருக்க, நீர் செய்வதுபோலவே பையப் பையத் திருப்பி வைத்தேன். இலைகளை விலக்கும்போது அந்த வாசனை வரும். திரும்பிப் பார்ப்பேன்.

டிசம்பர் 16ஆம் தேதி சனிக்கிழமை காட்சியின் அறிவிப்பு வந்தது. நின்றபடியே படித்தேன். காய்கறிப் பகுதியில் "பூசணிக்காய்" என்றும், அதற்கு அடுத்த வரியில் "தடியங்காய்" என்றும் அச்சாகியிருந்தது. பரங்கிக்காய் இல்லை. நம் சொல், ஈய எழுத்தில், பட்டணத்து மையில்! தாளைப் பிடித்துக்கொண்டு சுவரண்டை ஓடி, "அண்ணாச்சி!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அம்மி அரைக்கும் ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து மதினி, "என்ன கொழுந்தனாரே?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். அதன்பின் அம்மி ஓசையும் நெடுநேரம் கேட்கவில்லை.

நேற்று அதே தோப்புக்கு, தனி வண்டியில், உம் துண்டை மதினியிடம் கேட்டு வாங்கி விரித்துக்கொண்டு போனேன். சீட்டு எழுதும் குமாஸ்தா, பெயர் என்ன என்றார். உம் பெயரைச் சொன்னேன். அவர் எங்கே என்றார். சொன்னேன்.

"செத்தவுக பேர எழுதப்படாதுய்யா. பக்கத்துல நிக்கவுக பேரத்தான் எழுதணும்."

"விதை போட்டவர் அவர். நான் காவல் காத்தவன்."

"அப்பம் காவல்காரர்னு போடட்டா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிக்காதிய" என்றார். என் பெயரையே எழுதினார். அதற்குமேல், கொட்டை எழுத்தில், "பூசணிக்காய்" என்று எழுதிச் சணல் கயிற்றால் காம்பில் கட்டினார். கட்டும்வரை அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசு பார்க்க வந்தவர் அதே பட்டணத்து அதிகாரி. காதோரம் நரைத்திருந்தது. மேசை மேசையாக நகர்ந்து என்னெதிரே வந்து நின்றார். காயைத் தட்டிப்பார்த்தார். இவர் வாயிலிருந்து மறுபடியும் அந்த மற்றப் பெயர் வந்துவிடுமோ என்று என் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. "இது என்னதுங்க?" என்றார். "பூசணிக்காய்" என்றேன். சீட்டைக் குனிந்து படித்தார். "ஆமாங்க, பூசணிக்காய்தான்" என்றார். அடுத்த மேசையில் கிடந்ததைச் சுட்டி, "அது தடியங்காய். இப்போ நானும் தேறிட்டேன்" என்று சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் கூட்டத்தில் பார்வையை ஓட்டினார்.

"அந்த அண்ணாச்சி வரலீங்களா?"

"1916, அக்டோபர் 19, வியாழக்கிழமை" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தலைப்பாகையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

உம் காய்க்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. முதற்பரிசு ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக் காய் ஒன்றுக்கு. உம்முடையதைவிடப் பெரியது, மறுக்கமுடியாது. நீர் இருந்திருந்தால் அதைத் தட்டிப்பார்த்து, "உள்ள பூரா தண்ணி வே" என்று என் காதில் சொல்லியிருப்பீர். பந்தலில் அவ்வளவு கூட்டம் இருந்தும் அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. என் கோசு அங்கே இருந்திருந்தாலாவது யாரேனும் கேலி செய்து பேசியிருப்பார்கள்.

வண்டியில் திரும்பும்போதுதான் அடுத்த கவலை வந்தது. பூசணிக்காய் தனி ஆளுக்கு ஆன காயில்லை. வெட்டினால் வைக்க முடியாது, வெட்டாவிட்டால் விதை கிடைக்காது. "நான் கீத்துப் போட்டா தெருவுல ஏழு வீட்டுல கூட்டு கொதிக்கும் வே" என்று பெருமையடிப்பீரே! என் மனைவி காலமான பிறகு முழுக் காய் என் வீட்டுப் படியேறியதில்லை. உம் வீட்டிலிருந்து ஒரு கீற்று வரும், அவ்வளவுதான்.

இன்று காலை காயை மதினியிடம் கொண்டுபோய் வைத்தேன். சீட்டைப் படித்துக் காட்டினேன். கதவு மறைவில் நின்று கேட்டவர்கள், இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். பிறகு உம் அரிவாளை நிலைப்படியில் வைத்தார்கள். முழுக் காய்க்குப் பொம்பளைகள் முதல் வெட்டுப் போடுவதில்லை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அதற்காக இந்தத் தெருவில் எல்லா வீட்டாரும் உம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

"மொத வெட்டு நீங்க போடுங்க."

"எனக்குப் பழக்கமில்லை மதினி. கோணிவிடும்."

"அவுக போட்டாலும் கோணத்தான் செய்யும். ஆரு சொல்லுதது அவுகள்ட்ட!"

கோணித்தான் போயிற்று. ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சிறிதாகவும் பிளந்து விழுந்தது. உள்ளே தண்ணீர் இல்லை அண்ணாச்சி. நல்ல கனத்த சதை, மஞ்சள் கருவின் நிறம். இதை உமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளும்.

கீற்றுகளை மதினியே ஏழு வீடுகளுக்கும் அனுப்பினார்கள். விதைகளைக் கழுவிச் சாம்பல் பூசி, அவர்கள் அடுப்புக்கு மேலே தொங்கும் உம் விதைப் பெட்டியான ஓலைக் கொட்டானில் போடுவார்கள் என்று காத்திருந்தேன். கொட்டானையே கழற்றி என்னிடம் நீட்டினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மகளோடு உடன்குடிக்குப் போய் இருந்துகொள்ளப் போவதாகச் சொன்னார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தருவார்களாம். "அங்கன மணலு. பனைதான் நிக்கும், பூசணி எங்க வரப்போகுது? நீங்க போடுங்க" என்றார்கள். போடுகிறேன் என்றேன்.

ஆகவே சுவருக்கு அந்தப் பக்கத்திலும் இனி ஓசை இராது. புரட்டாசியில் நானே குழி தோண்டி, நானே விதை ஊன்ற வேண்டும். தையில் காய்த்தால், கோணலாகவேனும் நானே வெட்டி, ஏழு வீட்டுக்கும் கீற்று அனுப்ப வேண்டும். கிழமை கேட்க ஒருவர் இல்லாமல் இதையெல்லாம் செய்வது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கொட்டானை என் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டேன். இக்கடிதமும் அதற்குள்தான் போகிறது. புரட்டாசியில் பிரித்துப் படிக்கப்போகிறவனும் நானே. பரவாயில்லை, தேதி சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உம் தேதிப்பிள்ளை

இத்துடன் இணைத்திருப்பவை:

1. "பூசணிக்காய்" என்று எழுதிய சீட்டு ஒன்று, சணல் கயிற்றுடன். பரிசு முத்திரை பின்புறம் உள்ளது, அது முக்கியமில்லை.
2. இவ்வருடத்து அறிவிப்பிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்று, "தடியங்காய்" என்ற வரி மட்டும்.
3. விதைகள், சாம்பல் பூசியவை. எண்ணவில்லை.
4. கீற்று ஒன்று வைப்பதாக இருந்தேன். மதியம் கூட்டு வைத்து நானே சாப்பிட்டுவிட்டேன்.